பிரபு தப்பித்துக்கொண்டார்

அமராவதிபுதூர் டீக்கடையில் கிளைவ் யாரென்று கேட்டுப் பாருங்கள். "பிளாசிப் போர். பள்ளிக்கூடத்துலயே படிச்சாச்சுண்ணே" என்று பதில் வரும். "அது அப்பன். நான் கேக்குறது மகனை" என்றேன். டீ ஆற்றிய கை அந்தரத்தில் நின்றது. "மகன் வேற இருந்தானா?"

இருந்தார். நன்றாகவே இருந்தார். எட்வர்ட் கிளைவ் பிரபு, 1798 முதல் 1803 வரை சென்னை கவர்னர். 1799 அக்டோபர் 16, கயத்தாற்றில் கட்டபொம்மன். 1801 அக்டோபர் 24, திருப்பத்தூரில் மருது சகோதரர்கள். அடுத்த மாதம் 16ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை. கயிறு நான்கு, கவர்னர் ஒருவர். ஆனால் ஒரு வசவுகூட அவர் மேல் பட்டதில்லை.

வசவெல்லாம் சில்லறை துரைமாருக்குப் போயிற்று. 1959இல் கட்டபொம்மன் படம் வந்தது. ஜாக்சன் துரை ஊர் ஊராய்த் திட்டு வாங்கினார். பாவம், வெறும் கலெக்டர். அதே ஆண்டு 'சிவகங்கைச் சீமை'யைத் தயாரித்த கண்ணதாசன் எங்கள் ஊர்ப் பள்ளியில் படித்தவர். எங்கள் மண்ணின் கதையைத் திரைக்குக் கொண்டுபோனார். பிரபுவின் பெயர் மட்டும் எங்கள் வாயில் ஏறவில்லை.

வெல்ஷ் என்ற படை அதிகாரிக்காவது கொஞ்சம் கூச்சம் இருந்தது. ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுத் தந்தவர் சின்ன மருது என்று 1830இல் அச்சில் ஒப்புக்கொண்டார். குருவைத் தூக்கிலிட்ட படையில் சீடர்! சின்ன மருதுவின் பிள்ளை துரைசாமியை, சிறுவனென்றும் பாராமல், எழுபதுக்கு மேற்பட்டவர்களோடு பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். 1818இல் அங்கே அவரைப் பார்த்த வெல்ஷுக்கு அடையாளமே தெரியவில்லை, அவ்வளவு உருக்குலைந்திருந்தார்.

பிரபு உருக்குலையவில்லை. சீமை எரிந்துகொண்டிருந்தபோது சென்னையில் அவருக்கு ஒரு விருந்து மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. திப்புவை வீழ்த்திய வெற்றிக்கு நினைவுச் சின்னமாம். 1802இல் வேலை முடிந்தது. இன்று அதன் பெயர் ராஜாஜி ஹால். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி மூவரின் உடலையும் அந்தப் படிக்கட்டில்தான் கிடத்தினோம். தமிழினத் தலைவர்களுக்குக் கடைசி மரியாதை செய்ய நமக்கு வாய்த்த இடம், கம்பெனிக்காரன் கூத்தடிக்கக் கட்டிய கொட்டகை.

ஊருக்குத் திரும்பியவருக்கு 1804இல் போவிஸ் சீமான் பட்டம். திப்புவின் சீட்டித் துணிக் கூடாரம் இன்றும் வேல்ஸில் அவர் குடும்பத்துக் கோட்டையில் பத்திரமாக இருக்கிறது. எண்பது வயதிலும் விடியற்காலையில் சட்டையோடு தோட்டம் கொத்தினாராம். 85 வயதில், 1839இல், படுக்கையில் உயிர் போயிற்று. புண்ணியவான்.

நாமோ மருதிருவரைப் பங்கு பிரித்துக்கொண்டோம். அக்டோபர் வந்தால் தேவகோட்டை சாலையெங்கும் பிளக்ஸ்: மருது விரல் கடை அளவு, பக்கத்தில் கும்பிடும் மாவட்டப் பொறுப்பாளர் பனைமர உயரம். எந்த போர்டு எந்தத் தெருவுக்குள் வரலாம் என்பதில் மண்டை உடைகிறது. தூக்கிலிட உத்தரவு போட்ட அரசாங்கத்தின் தலைவன் பெயர் தெரியாத வாய்களுக்கு, தூக்கில் தொங்கியவர்களின் சாதி மட்டும் தலைகீழ்ப் பாடம்.

1801 டிசம்பர் 1 அன்று கிளைவ் பிரபு ஒரு பிரகடனம் வெளியிட்டார்: இந்தச் சீமையில் எவரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, மீறினால் மரணம். போன அக்டோபரில் காரைக்குடி போகும் வழியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். தடை உத்தரவாம். ஏட்டு ஒருவர் ஏறி என் மஞ்சள் பைக்குள் லத்தியை விட்டுக் கிண்டினார்.

"உள்ள ஆயுதம் கீயுதம் இருக்கா பெருசு?"

வெற்றிலைக் கட்டை எடுத்துக் காட்டினேன்.