அடுப்பு இருந்தும் பார்சலு!

ஏலே இன்டெலு, இப்படி வந்து உக்காரு. மூஞ்சியத் தொங்கப் போடாதலே. 1971-லயே மைக்ரோபிராசசர் வித்த பெரிய வீட்டுப் பிள்ளைல்லா நீ!

10 நானோமீட்டர் சிப்பு இந்தா வருது, அந்தா வருதுன்னு சொல்லிச் சொல்லி, 2019-லதான் ஒழுங்காக் கடைக்கு வந்துது. அது வரைக்கும் பழைய பதினாலுக்குப் பின்னால ஒரு பிளஸ், ரெண்டு பிளஸ்னு போட்டே காலத்தை ஓட்டுன பாரு, அந்தத் தைரியம் எவனுக்குலே வரும்!

ஈயூவி மெசினு கதை அதை விடக் கூத்து. உருக்குன வெள்ளீயத்தைச் சொட்டுச் சொட்டா விட்டு, செகண்டுக்கு 50,000 சொட்டை லேசரால அடிச்சு, அதுல வர்ற ஒளியில சிப்புக்குக் கோடு கிழிக்குது. அதைச் செய்யுத நெதர்லாந்து ஏஎஸ்எம்எல்-ல 2012-லயே பணம் போட்டவன் நீ. ஆனா 2019-லயே அதை ஓட்டிக் காசு பாத்தவன் தைவான் டிஎஸ்எம்சி. உன் சிப்பு அதுல வந்தது 2023-ல. நல்ல அவசரம்!

2022-ல ஒஹையோவுல 2000 கோடி டாலருக்கு ஃபேப், அதான் சிப்பு ஆலை, 2025-ல சிப்புன்னு மேளம் கொட்டுன. இப்ப 2030-ங்குத. ஜெர்மனி ஃபேப்பைக் கைகழுவிட்ட. 2024-ல மட்டும் நட்டம் 1880 கோடி டாலராம். அதே வருசம் உன் லூனார் லேக் பிராசசரையே டிஎஸ்எம்சிட்ட அடிச்சு வாங்குன. வீட்டுல அடுப்பை வச்சுக்கிட்டு ஓட்டல்ல பார்சல் வாங்குதியே! அடுப்பே வேண்டாம்னு 2009-ல தள்ளிவிட்ட உன் போட்டிக்காரன் ஏஎம்டி, அதே ஓட்டல்ல வாங்கித்தான் உன் சர்வர் யாவாரத்தைக் கடிச்சுத் தின்னுதான்.

ஊரான் சிப்பையும் அடிச்சுத் தாரேன்னு கடை விரிச்சிருக்கியே, சரி. டிஎஸ்எம்சி சொந்தப் பேருல சிப்பு விக்க மாட்டான். அதனால எவனும் தைரியமா டிசைனைக் குடுப்பான். நீயோ டிசைன் குடுக்குதவன்கூடப் போட்டிக்கும் நிப்ப, அவன் டிசைனையும் கேப்ப. எப்படிலே நம்புவான்?

2025-ல அமெரிக்க சர்க்காரே உன் கம்பெனியில பத்துல ஒரு பங்கு வாங்கிட்டு. சந்தோசம். ஆனா பங்கு வாங்குனவன் எல்லாம் சரக்கு வாங்குவான்னு நெனைச்சிராத. ஆர்டர் வந்தாத்தான் ஃபேப் கட்டுவோம்னு உன் புதுத் தலைவரு லிப்பு டான் சொல்லிட்டாரு. அது ஒண்ணுதான் உருப்படியான பேச்சு.

இனிமே வருசத்தைச் சொல்லாதலே, சிப்பைக் காட்டு.