நில், நட, இறக்கி வை

கேள்வி: மெட்ரோ நிலையத்திலும் நடைபாதையிலும் மஞ்சள் ஓடு பதிக்கிறார்களே, மழையில் வழுக்காமல் இருக்கவா?

பதில்: வழுக்கலுக்கு என்றால் ஒரே ஒரு வரிசை போதுமா? அது பாதம் படிக்கிற எழுத்து. நீளக் கோடுகள் இருந்தால் ‘இப்படியே நட’. வட்டக் குமிழ்கள் வந்தால் ‘நில், முன்னால் படியோ தண்டவாளமோ சாலையோ இருக்கிறது’. பார்வை மங்கிவந்த நண்பருக்காக ஜப்பானில் செய்இச்சி மியாகே 1965இல் கண்டுபிடித்தது. 1967 மார்ச் 18 அன்று ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலில் பதித்தார்கள். ஓரளவு பார்வை உள்ளவர்களுக்குப் பளிச்சென்று தெரியத்தான் மஞ்சள். அதன்மேல் யாராவது பைக்கை நிறுத்தினால், தயங்காமல் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: பாதாளச் சாக்கடை மூடி ஏன் வட்டம்?

பதில்: சதுர மூடியை நிமிர்த்தி மூலைவாட்டில் திருப்பினால் குழிக்குள் விழுந்துவிடும். வட்ட மூடி எப்படித் திருப்பினாலும் விழாது. உருட்டிக்கொண்டும் போகலாம்.

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மகன், சாலை கடக்கும் இடத்தில் பொத்தான் பெட்டிக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள் என்கிறான். என்ன கிடைக்கும்?

பதில்: காசு கிடைக்காது. பல பெட்டிகளில் சின்னதாக ஒரு கூம்பு தட்டுப்படும். பச்சை விளக்கு வந்ததும் அது சுழலும். விரலை வைத்திருப்பவர் கடக்கலாம். ‘பீப்’ ஒலி போதாதா என்றால், அடுத்தடுத்து இரண்டு இடங்களில் சாலையைக் கடக்க வழி இருக்கும்போது எது ஒலிக்கிறது என்று குழம்பிவிடும். காதும் கேளாதவருக்கு ஒலியால் பயனே இல்லை. 1980களில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவான யோசனை இது.

கேள்வி: லண்டனிலும் சுமைதாங்கி உண்டு என்கிறார் நண்பர். கதைதானே?

பதில்: கதை இல்லை. நண்பருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள். பிக்காடில்லி சாலையில், கிரீன் பார்க் ஓரமாக, இரண்டு இரும்புக் கால்மேல் ஒரு பலகை. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஆர். ஏ. ஸ்லேனி சொன்னதன்பேரில், மூட்டை சுமப்பவர்களுக்காக 1861இல் வைத்தது. பார்க்கிறவர்கள் ‘உட்கார முடியாத உயரத்தில் என்ன பெஞ்ச்?’ என்பார்கள். அந்த உயரத்தில்தான் விஷயமே இருக்கிறது. தனியாக வருகிற ஆள் மூட்டையைத் தரையில் இறக்கினால், மறுபடி ஏற்றிவிட இன்னொரு கை வேண்டும். தோள் உயரத்தில் பலகை இருந்தால் குனியாமலே இறக்கி, குனியாமலே ஏற்றிக்கொண்டு போகலாம்.

நம் ஊர்ச் சாலையோரத்தில் இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் கிடத்தியதும் இதே கணக்குத்தான். ஆனால் நம்மவர்கள் அதில் ஒரு துக்கத்தையும் வைத்தார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுகிற வழக்கம் உண்டு. அவள் இறக்கிவைக்காமல் போன சுமைக்காக, வழிப்போக்கர் சுமையை இறக்க ஓர் இடம். சாலையை அகலப்படுத்தும்போது இந்தக் கற்கள்தான் முதலில் போகின்றன. உங்கள் ஊரில் ஒன்று மிச்சம் இருந்தால், பெயர்த்து ஓரமாக நட்டுவைக்கும்படி ஊராட்சித் தலைவரிடம் போய்க் கேளுங்கள்.

கேள்வி: பெஞ்சுக்கு நடுவில் கைப்பிடி எதற்கு? இரண்டு பேர் சண்டை போடாமல் இருக்கவா?

பதில்: முதியவர் ஊன்றி எழத்தான் என்றால் இரண்டு ஓரத்திலும் வைத்தாலே போதும். நடுவில் வைப்பது பெரும்பாலும் யாரும் படுத்துவிடக் கூடாது என்பதற்காக. மூட்டைக்காரருக்குப் பலகை வைத்த அதே லண்டனில், 2012இல் கேம்டன் பகுதிக்காக எந்தப் பக்கமும் சரிவாக ஒரு கான்கிரீட் பெஞ்ச் செய்தார்கள். அதில் உடம்பை நீட்ட வழியில்லை. வீடில்லாதவருக்கு அதனால் வீடு கிடைத்துவிடாது. அடுத்த தெருவில் போய்ப் படுப்பார்.