‘ஓடுதுல்ல?’: தமிழ்நாட்டுக் கார் உரிமையாளரின் பராமரிப்புக் கோட்பாடு – ஓர் ஆய்வு

ஆய்வு நோக்கம்

காரை வாங்குவது பற்றி நம்மிடம் வாய்மொழி இலக்கியம் ஏராளம். ராசியான நிறம், கூட்டினால் ஒன்பது வரும் நம்பர், டெலிவரி எடுக்க நல்ல நேரம் என்று மைத்துனர்கள் வழியாக அது செழித்து வளர்ந்திருக்கிறது. வாங்கிய காரைப் பேணுவது பற்றி மட்டும் ஒரே ஒரு சூத்திரம்தான் கிடைக்கிறது: ‘ஓடுதுல்ல, விடு.’ இச்சூத்திரத்தைக் கடைப்பிடிக்க என்ன செலவாகும் என்று கணக்கிடுவதே இவ்வாய்வேட்டின் நோக்கம்.

ஆய்வெல்லை ஒரே ஒரு கார், ஆய்வாளருடையது. மாதிரி போதாது என்று புறத்தேர்வாளர் ஆட்சேபிக்கலாம். அதற்குக் கட்டிய பில்களை அவர் கையில் கொடுத்தால் ஆட்சேபம் தீரும்.

முன்னோடிகள்

இத்துறையின் முதல் களப்பணியாளர் பெர்தா பென்ஸ். 1888 ஆகஸ்டில், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்றார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்தபோது வழியில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் நிறுத்தித் தோல் அடித்து வாங்கினார். போகிற இடமெல்லாம் இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஆக, உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணமும் முதல் பராமரிப்பும் ஒரே நாளில் தொடங்கின. பயணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டவர்கள் பின்வந்த நாம்.

சடங்கியல்

நம்மிடம் பராமரிப்பே இல்லை என்பது அவதூறு. ஆயுத பூஜை இருக்கிறது. அன்று கார் குளிக்கிறது. பானெட்டில் சந்தனம், குங்குமம், மாலை. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு எலுமிச்சம்பழம். திருஷ்டிக்கு ஒரு பூசணிக்காய். இதில் குறையே இல்லை. ஆய்வாளர் கண்ட முரண் ஒன்றுதான்: பானெட்டின் மேல் சந்தனம் வைத்த கை, ஆண்டு முழுதும் அந்தப் பானெட்டைத் திறக்கவில்லை. எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்த கண், டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

காற்றியல்

டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது பெரும்பாலான கார்களில் ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்திலேயே ஒட்டப்பட்டிருக்கும். டயரின் மேலேயே அச்சிட்ட எண் அதுவன்று. அது டயர் தாங்கும் உச்ச வரம்பு. இந்த நுண்வேறுபாடுகளை எல்லாம் கடந்து, ‘எவ்ளோ சார்?’ என்று பங்க்கில் கேட்டால், ‘நீயே பார்த்துப் போடுப்பா’ என்பதே நம் மரபு.

கணக்குக்கு வருவோம். நான்கு டயர்களின் சராசரியில் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் பெட்ரோல் செலவு 80,000 ரூபாய். 33 இருக்க வேண்டிய இடத்தில் 25 இருந்தால் நட்டம் 1.6 சதவீதம், அதாவது 1,280 ரூபாய். எலுமிச்சம்பழம் தலா ஐந்து ரூபாய் என்றால் இத்தொகைக்கு 256 பழம் வாங்கலாம். 64 ஆயுத பூஜைக்குக் காணும். டயரின் இரு ஓரமும் சீக்கிரமே வழுக்கையாகிப் புது டயர் வாங்குவது தனிக்கணக்கு. காற்றோ பங்க்கில் இலவசம்.

ஒலியியல்

கார் பேசும் மொழி முழுதும் இரட்டைக்கிளவி. கீச்கீச், கடகட, டொக்டொக். இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்பது இலக்கணம். காரிலும் அப்படியே: செலவு தனியாக வராது. பிரேக் பேடு தேய்ந்ததும் கீச்சிடுவதற்கென்றே பல கார்களில் ஒரு சிறு தகடு வைத்திருக்கிறார்கள். உரிமையாளர் அதைக் கேட்டதும் பாட்டின் சத்தத்தைக் கூட்டுகிறார். சில வாரங்களில் கீச்கீச் என்பது கர்கர் என்று திரிகிறது. பேடு முழுதும் தேய்ந்து, அதன் இரும்புப் பின்தகடு டிஸ்க்கை அறுக்கும் ஓசை அது. பேடோடு முடிந்திருக்க வேண்டிய பில்லில் இப்போது டிஸ்க்கும் ஏறுகிறது.

நீரியல்

கூலண்ட் என்பது கலர் தண்ணீர் என்பது பாமர நம்பிக்கை. அது கொதிநிலையை உயர்த்துகிறது. உள்ளே துருப்பிடிக்காமல் காக்கிறது. குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்தால் வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தில் படிவது போல ரேடியேட்டருக்குள்ளும் உப்புப் படியும். கூலண்ட் டப்பாவில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு கோடுகள் உண்டு. பானெட்டைத் திறந்தால் கண்ணுக்குத் தெரியும். ஆய்வாளர் திறக்கவில்லை. ஒரு சித்திரை மதியம், மேல்மருவத்தூர் தாண்டி, கார் தானாகவே ஆவி விட்டுத் தகவல் தெரிவித்தது.

மெக்கானிக் வந்தார். குனிந்து பார்த்தார். ‘த்சு’ என்றார். பிறகு அத்தொழிலின் தொல்வினாவைக் கேட்டார்:

“யார் சார் இதுக்கு முன்னாடி வேலை பார்த்தது?”

“யாரும் பார்க்கலைங்க.”

“அதான் சார் தெரியுது.”

ஹெட் வளைந்து, கேஸ்கெட் போயிருந்தது. இரண்டு கோடுகளுக்கு நடுவே வராத கூலண்டின் விலைக்கும் அந்த பில்லுக்கும் உள்ள விகிதத்தை ஆய்வாளர் கணக்கிட்டார். மனைவி கேட்டபோது சொல்லவில்லை.

எதிர்வாதம்

எல்லாச் செலவும் பராமரிப்பாகிவிடாது. சர்வீஸ் கவுன்ட்டரில் நீட்டப்படும் காகிதத்தில் நறுமணத் தெளிப்பு, உட்புற மெருகு என்று பத்து வரிகள் இருக்கும். கையேட்டின் சர்வீஸ் அட்டவணையில் இருந்தால் செய்க. இல்லையேல் ‘எதுக்குங்க இது?’ என்று ஒருமுறை கேட்க. அந்த ஒரு கேள்வியும் பராமரிப்பில் சேரும்.

முடிவுகள்

மாதம் ஒருமுறை, காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது பத்து நிமிடம் போதும். நான்கு டயருக்கும் ஸ்டெப்னிக்கும் காற்று. ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அளவு. கூலண்ட் கோடு. வைப்பர் தண்ணீர். கார் ஏதேனும் இரட்டைக்கிளவி பேசினால் அந்த வாரமே மெக்கானிக்.

கடைசியாக ஒரு வாக்குமூலம். இவ்வாய்வில் நிறுவிய முடிவுகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே அச்சேறியவை. கார் வாங்கிய நாள்முதல் க்ளவ் பாக்ஸில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அந்தப் புத்தகம் இருந்தது. ஆய்வாளர் அதை முதன்முதலாகப் பிரித்துப் படித்தது, மேல்மருவத்தூரிலிருந்து ரெக்கவரி வண்டியில் திரும்பி வந்தபோது.