பல்லைப் பிடித்துப் பார்க்கும் உரிமை: தர்மக் கடையில் வாடிக்கையாளர் நிலை பற்றி ஓர் ஆய்வு

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது பழமொழி. காசு கொடுத்து வாங்கிய மாடு என்றால் தாராளமாகப் பார்க்கலாம், அதிலும் ஐயமில்லை. ஒருவர் தானமாகக் கொடுத்த மாட்டை இன்னொருவர் தர்ம காரியத்துக்காக விற்க, மூன்றாமவர் அதைச் சகாய விலைக்கு வாங்கினால் அவர் பல்லைப் பார்க்கலாமா? இந்தக் கேள்வியைத் தமிழ் ஆய்வுலகம் இதுவரை தொடவில்லை. மாடு வருவதால் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஒதுக்கிவிட்டார்கள் போலும். மேல்நாட்டில் இது அன்றாடப் பிரச்சினை. 1902இல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் தொடங்கிய குட்வில்லும், 1940களின் இறுதியில் ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் தெருவில் ஆக்ஸ்ஃபாம் திறந்த கடையும் இந்த மாட்டைத்தான் விற்றன: பிறர் கொடுத்த பழைய சட்டை, குறைந்த விலை, லாபம் தர்மத்துக்கு. அந்தக் கடைக்குள் வருபவர் வாடிக்கையாளரா, பயனாளியா என்பதைத் தீர்மானிப்பது அவர் நீட்டும் ரூபாய் நோட்டு என்று பொதுவாக நம்பப்படுகிறது. குறை சொல்ல அவருக்கு இடம் இருக்கிறதா என்பதே தீர்மானிக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக் கருவியைத் தொல்காப்பியரிடம் கடன் வாங்குகிறோம். கேட்பவர் தாழ்ந்தவரானால் 'ஈ' என்பார், ஒத்தவரானால் 'தா' என்பார், உயர்ந்தவரானால் 'கொடு' என்பார் என்று அவர் மூன்று படி வகுத்தார். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் புடவைக் கடைப் பாயில் உட்கார்ந்து, முப்பது புடவையை விரிக்கச் சொல்லி, "இதே கலர்தான், ஆனா கொஞ்சம் வேற மாதிரி" என்று கேட்டு, ஒன்றும் எடுக்காமல் எழுந்து போகிறாரே ஓர் அம்மாள், அவர் நிற்பது 'கொடு' என்னும் உச்சிப்படி. விற்பவர் முகம் கோணாமல் "பரவாயில்ல அக்கா, அடுத்த தரம் வாங்க" என்கிறார். வருகைக்கும் கொள்முதலுக்கும் தமிழ் 'வாங்க' என்ற ஒரே சொல்லை வைத்திருப்பது வணிகர் சங்கத்தின் சதியாக இருக்கலாம். தர்ம மேசையில் இந்தச் சொல் இரண்டாகப் பிளக்கிறது. வாங்கலாம், ஆனால் "வாங்க" என்று யாரும் சொல்வதில்லை. "கலைக்காதீங்க", "ஆளுக்கு ரெண்டுதான்", "போட்டுப் பார்க்கறதெல்லாம் கிடையாது" என்பவையே அங்கே வரவேற்புரைகள்.

காரணம் எளிது. ஜவுளிக் கடையில் நன்றிக்கு உரியவர் வாங்குபவர் ஒருவரே. தர்மக் கடையிலோ அந்த நன்றி துணி கொடுத்த புண்ணியவானுக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. வாங்குபவர் அந்தப் புண்ணியத்துக்குச் சாட்சியாக வந்து நிற்கிறார். சாட்சி குறுக்குக் கேள்வி கேட்பதை எந்த நீதிமன்றம் அனுமதிக்கும்?

வெறும் காசு மரியாதை தராது என்றால் காசு எதற்கு என்று கேட்கலாம். 2013 பிப்ரவரியில் சாந்தோமில் தொடங்கிவைக்கப்பட்ட அம்மா உணவகத்தைப் பார்க்கட்டும். இட்லி 1 ரூபாய், தயிர் சாதம் 3, சாம்பார் சாதம் 5. ஒரு ரூபாயால் அந்த இட்லியின் மாவுச் செலவுகூடத் தேறாது என்பது அதை வைத்தவர்களுக்குத் தெரியாததல்ல. அந்த ரூபாய் இட்லிக்கான விலையே இல்லை. "சாம்பார்ல உப்பு இல்ல" என்று சொல்வதற்கான உரிமக் கட்டணம். அரசு நலத்திட்டங்களில் 'இலவச' என்ற முன்னொட்டு 2011க்குப் பின் 'விலையில்லா' என்று மாறியதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். பொருள் மாறவில்லை, வாங்குகிறவர் தலை எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்பது மாறியது. ஆனால் தர்மக் கடைகள் பெரும்பாலும் கட்டணத்தை வாங்கிக்கொண்டு உரிமத்தைத் தர மறந்துவிடுகின்றன.

உரிமம் இல்லாமலே பல்லைப் பார்த்தவர்களும் உண்டு. 2004 சுனாமிக்குப் பின் நம் கடலோரத்துக்கு லாரி லாரியாகப் பழைய துணி வந்து இறங்கியது. மீனவக் குடும்பங்கள் புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன, துணி சாலையோரத்தில் குவிந்து கிடந்தது. அந்த மலையைப் பிரித்து வேறு பயன்களுக்கு ஆக்கும் வேலையில் டில்லியின் கூஞ்ச் அமைப்பு இறங்கியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் இதே காட்சி. "கஷ்டத்திலும் இவ்வளவு கிராக்கியா?" என்று கொடுத்தவர்கள் சிலர் வருந்தினார்கள். கிழிந்த உள்பாவாடையை நிவாரணம் என்று கட்டி அனுப்பியவரின் துணிச்சலைப் பற்றி யாரும் ஆராயவில்லை. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

மறுப்புகள் வரும். தர்மக் கடையில் நிற்பவர்கள் சம்பளம் இல்லாத தொண்டர்கள், அவர்களிடம் சிரிப்பையும் எதிர்பார்ப்பதா என்பது முதலாவது. ஜவுளிக் கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் திருத்தியதே 2021இல்தான். அதுவரை கால் கடுக்க நின்றவர்கள்தான் "அக்கா" என்று அழைத்தார்கள். தொண்டருக்கோ முதல் நாளே நாற்காலி உண்டு. ஆகவே சிரிப்புக்கும் சம்பளத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை. இரண்டாவது மறுப்பு வலுவானது: நல்லதையெல்லாம் பழைய துணி வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போய் விற்றுவிடுவார்கள், அதனால்தான் "ஆளுக்கு ரெண்டு". உண்மைதான், அந்த ஆபத்து உண்டு. ஆனால் ஒரு வியாபாரியைத் தடுக்க ஒன்பது ஏழைகளைச் சந்தேகத்தோடு பார்ப்பதென்றால், எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதைப் போன்றது அது. 2017இல் பெசன்ட் நகரில் வைத்த 'ஐயமிட்டு உண்' பொதுக் குளிர்பதனப் பெட்டியின் பக்கத்துத் துணி அலமாரி இந்தச் சிக்கலை எளிதாகத் தீர்த்தது. எடுப்பவரை எதற்கு என்று கேட்க அங்கே மேசையும் இல்லை, மேசைக்குப் பின்னால் முகமும் இல்லை.

ஆனால் 'தா' என்னும் நடுப்படியை அலமாரியால் எட்ட முடியாது. அதற்கு எதிரே ஆள் வேண்டும். அந்த ஆள் மயிலாப்பூர்த் தெருக்களுக்குப் புதியவர் அல்லர். தலையில் எவர்சில்வர் கூடையும் தோளில் துணிமூட்டையுமாக வரும் பாத்திரக்காரம்மாவை எந்த மேலாண்மைப் பள்ளியும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. அவர் பழைய பேன்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, முழங்காலைத் தேய்த்து, ஜிப்பை இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறார். வீட்டுக்காரம்மா தூக்குச்சட்டியைச் சுண்டிப் பார்த்து, அடிப்பாகம் மெல்லிசு என்கிறார். இருவரும் ஒரே நேரத்தில் கொடுப்பவர், ஒரே நேரத்தில் வாங்குபவர், இருவரும் பல்லைப் பார்க்கிறார்கள். நன்றி என்ற சொல் அந்த வாசற்படியில் வந்ததே இல்லை. ஆறு பேன்ட்டுக்கு என்று பேசி, எட்டுக்கு ஏறி, ஒரு சட்டையோடு ஏழில் முடிகிறது. மூடி தனி. அதற்கு ஜரிகை போட்ட புடவை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பாத்திரக்காரம்மா தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்.