அமைச்சர் கொடுத்த சூப்பர்ஹிட்

இந்தி சினிமாப் பாட்டுக்கு வாராவாரம் ராங்க் போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர் யார் என்று கேட்டால், வானொலி அறிவிப்பாளர் அமீன் சயானி என்பார்கள். பி.வி. கேஸ்கருக்கு ஒரு நன்றி சொல்ல ஆளில்லை. அந்த மனிதர் மட்டும் சும்மா இருந்திருந்தால் சயானிக்கு வேலையே கிடைத்திருக்காது.

1952-ல் நேரு அமைச்சரவையில் தகவல் ஒலிபரப்புத் துறைக்கு வந்தார் கேஸ்கர். சாஸ்திரிய சங்கீத பக்தர். சினிமாப் பாட்டு தேசத்தின் காதைக் கெடுக்கிறது என்று நம்பியவர். ஆர்மோனியத்தை வானொலியிலிருந்து வெள்ளைக்காரர்களே 1940-ல் விரட்டிவிட்டதால் அவருக்கு அந்த ஒரு வேலை மிச்சம். நேராக சினிமாப் பாட்டின் கழுத்தில் கை வைத்தார். நேரத்தைக் குறைத்தார். படத்தின் பெயரைச் சொன்னால் ஓசி விளம்பரம் ஆகிவிடும், சொல்லாதே என்றார். படமுதலாளிகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. “எங்கள் பாட்டே உங்களுக்கு வேண்டாம்” என்று உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆகாசவாணி தூய்மையடைந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பில், உலகப் போரில் மவுண்ட்பேட்டன் நடத்திய படைக்காக வைத்த ராட்சச டிரான்ஸ்மிட்டர் ஒன்று இலங்கை வானொலியிடம் இருந்தது. ஆசியா முழுக்கக் கேட்கும். விளம்பரமும் வாங்குவார்கள். இந்த முறை ராவணன் சீதையை விட்டுவிட்டு நேயர்களைத் தூக்கிக்கொண்டு போனான். ஷார்ட்வேவைத் தடுக்க எந்த அனுமாரை அனுப்புவது?

பினாகா பற்பசை விற்ற சீபா கம்பெனி, 1952 டிசம்பர் 3, புதன்கிழமை இரவு அந்தக் கொழும்பு வானொலியில் ‘பினாகா கீத்மாலா’வைத் தொடங்கியது. எழுத வேண்டும், பேச வேண்டும், வருகிற கடிதங்களையும் பார்க்க வேண்டும். சம்பளம் வாரம் 25 ரூபாய். அனுபவஸ்தன் எவன் வருவான்? இருபது வயதுகூட நிரம்பாத சயானி தலையில் கட்டினார்கள். பம்பாயில் பாடிய பாட்டை பம்பாயிலேயே ஒலிப்பதிவு செய்து, டேப்பைக் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து பம்பாய்க்காரன் காதில் விழவைத்தார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதைக் கடல் தாண்டிச் செய்துகாட்டினார்கள்.

ஆரம்பத்தில் ராங்க் இல்லை. ஏழு பாட்டைக் கலைத்துப் போடுவார்கள். எது முதல், எது கடைசி என்று சரியாக எழுதினால் 100 ரூபாய் பரிசு. ஐம்பது கடிதம் வந்தால் பெரிது என்று காத்திருந்தார்கள். வந்தது 9,000. அப்புறம் வாரத்துக்கு 65,000 வரை ஏறியது. அத்தனையையும் பிரித்துப் படித்தால் பையன் பிழைக்க மாட்டான் என்றோ என்னவோ, 1954-ல் போட்டியை விட்டுவிட்டு, இசைத்தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் ஓட்டையும் வைத்து வரிசை போட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பாட்டும் ஒரு படி. முதல் படிக்கு வந்த பாட்டுக்கு எக்காள முழக்கம். கேஸ்கருக்குக்கூட அப்படி ஒரு வரவேற்பு கிடைத்திருக்காது. புதன் இரவு எட்டு மணிக்கு, வேப்பங்குச்சியால் பல் தேய்க்கிறவன்கூட பற்பசைக் கம்பெனியின் தயவுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

இந்தக் கொழும்புப் பழக்கத்தில்தான் ஜும்ரி தலையா பிரபலமானது. அன்றைய பீகாரில் அப்ரகம் தோண்டிய சின்ன ஊர் (இன்று ஜார்க்கண்டில் இருக்கிறது). நேயர் விருப்பம் எது வந்தாலும் அந்த ஊர்ப் பெயர் வரும். யார் அதிகம் தபால் அட்டை போடுவது என்று ஊருக்குள்ளேயே போட்டி. அப்படி ஓர் ஊரே கிடையாது, ரேடியோக்காரன் கட்டிவிட்ட கதை என்று பலர் நம்பினார்கள். நம் பக்கமும் ஒழுங்கில்லை. இந்தப் பக்கத்தில் ஆகாசவாணி இருக்க, அறிவிப்பாளர் மயில்வாகனன் குரலுக்காக இலங்கைத் தமிழ்ச் சேவைக்கு முள்ளைத் திருப்பியவர்கள்தானே.

கேஸ்கர் சளைக்கவில்லை. சினிமா வாடையில்லாத மெல்லிசையை ஆகாசவாணியே தயாரித்துப் பார்த்தது. கல்யாண வீட்டில் பத்தியச் சாப்பாடு போட்ட மாதிரி ஆயிற்று. கடைசியில் 1957 அக்டோபர் 3-ல், அவர் அமைச்சராக இருக்கும்போதே, சினிமாப் பாட்டைக் கையில் ஏந்தி ‘விவித பாரதி’ பிறந்தது. பத்து வருஷத்தில் அதுவும் விளம்பரம் வாங்கத் தொடங்கியது. 1989-ல், ‘சிபாகா’ என்று பெயர் மாறியிருந்த கீத்மாலாவே கொழும்பைக் காலி செய்துகொண்டு விவித பாரதிக்குக் குடிவந்தது. பற்பசை விளம்பரத்தோடு, படத்தின் பெயரோடு.