மாராவும் முண்டந்துறையும்

கேள்வி: குற்றால சீசனுக்கு வேன் பிடிப்பதுபோல, கூட்டமாக கென்யாவின் மசாய் மாராவுக்குப் போகலாம் என்கிறார்கள் நண்பர்கள். அங்கே தெரிகிற மாதிரி, பக்கத்திலிருக்கும் களக்காடு முண்டந்துறையில் ஏன் விலங்குகள் கண்ணில் படுவதில்லை?
– வாசகர், தென்காசி

பதில்: தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் மாராவை வைத்து நம் காட்டுக்கு மார்க் போடாதீர்கள். அது பரந்த புல்வெளி. ஜூலை முதல் அக்டோபர் வரை வில்டபீஸ்ட் மந்தைகள் செரெங்கெட்டியிலிருந்து புல் தேடி வருகின்றன. அவற்றை வேட்டையாடும் சிங்கமும் வெட்டவெளியில் தெரிகிறது. 1988-இல் புலிகள் காப்பகமான நம் மலையிலோ அடர்ந்த மழைக்காடுகள் உண்டு. சோலைமந்தி பெரும்பாலும் மர உச்சியிலேயே பழம் பறித்துத் தின்று கிளைக்குக் கிளை தாவிப் போகும். பத்தடி தள்ளிப் புலி நின்றாலும் புதர் மறைத்துவிடும். அந்த அடர்த்திதான் மழைநீரைப் பிடித்துவைத்துத் தாமிரபரணிக்குக் கொடுக்கிறது. குற்றாலத்தில் விழும் சிற்றாறும் இதே மலைத்தொடரின் கொடைதான்.

‘கண்ணால் பார்த்தால்தானே அக்கறை வரும்?’ என்பீர்கள். நியாயம்தான். அதற்குச் சிங்கம்தான் வேண்டுமென்பதில்லை. நீண்ட வாலைத் தொங்கவிட்டுக் கொட்டை கொறிக்கும் மலையணில் போதும். கென்யாவுக்குக் கிளம்புமுன், வனத்துறை அனுமதிக்கும் பாதையில், பாட்டுச் சத்தமும் பிளாஸ்டிக்கும் இல்லாமல் உங்கள் குழு ஒருநாள் நடந்து பழகட்டும். அந்த ஒழுக்கம் மாராவிலும் கைகொடுக்கும்.