பேனருக்கு 6/6

பள்ளிக் கண் பரிசோதனை முகாமில் எந்தக் குறையும் இல்லாமல் பளிச்சென்று தெரிவது பேனர் ஒன்றுதான். நன்கொடையாளர் முகம், அவருடைய காலஞ்சென்ற அப்பா முகம், முகாம் நடத்தும் சங்கத்தின் மாவட்டத் தலைவர் முகம் எல்லாவற்றையும் கடும் கிட்டப்பார்வை உள்ள பிள்ளைகூட மைதானத்தின் மறுகோடியிலிருந்து சொல்லிவிடும். ஓரமாக ஒரு கண்ணும் இருக்கும். அது நீலக் கண். இணையத்தில் எடுத்த ஏதோ வெள்ளைக்காரரின் கண். பேனரில் போடுவதற்காகக்கூட நம் பிள்ளைகளின் கண்ணை யாரும் பார்க்கவில்லை.

இப்படிப்பட்ட முகாம்களுக்குக் காசு வாங்காமல் போகும் கண் மருத்துவர்களில் நானும் ஒருத்தி. முகாம் பத்து மணிக்கு. சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு. அதுவரை பிள்ளைகள் வெயிலில் வரிசை. பிறகு குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, எங்களுக்கெல்லாம் பொன்னாடை. மேடையேறும் ஒவ்வொருவரும் தவறாமல் கேட்பார்கள்: "கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" கைதட்டல். அந்தப் பழமொழியைத் திட்டமாகவே போட்டு நடத்திவருகிறோம் என்பது மேடைக்குத் தெரியாது.

பேச்செல்லாம் முடிந்த பிறகு பிள்ளைகளுக்கு மிஞ்சுவது இரண்டு மணி நேரம். நான்கு மருத்துவர்கள், 800 பிள்ளைகள் என்றால் தலைக்கு 36 விநாடி. கண் இரண்டாகிப்போனதால் கண்ணுக்குப் பதினெட்டு. "கொஞ்சம் ஸ்பீடா பாருங்க மேடம், லஞ்சுக்குள்ள டார்கெட் முடிச்சிடலாம்" என்று அமைப்பாளர் தோளருகே வந்து நிற்பார். மாவட்டத் தலைவருக்குப் பொன்னாடை போர்த்திய நேரத்தில் மூன்று பிள்ளைகளைப் பார்த்திருக்கலாம்.

நெதர்லாந்துக்காரரான ஹெர்மன் ஸ்னெலன் 1862-ல் எழுத்துப் பலகையை உருவாக்கினார். ஆறு மீட்டர் தள்ளி நின்று படிக்க வேண்டும். நம் முகாமில் அந்த ஆறு மீட்டரில் பாதியை மேடை விழுங்கியிருக்கும். மூன்று மீட்டரில் மாட்டிய பலகையில் பள்ளி முழுக்கப் பார்வை அமோகம்! ஒரு கண்ணைக் கையால் மூடச் சொன்னால் விரலிடுக்கில் பார்ப்பான். பின்னால் நிற்பவன், முன்னால் நின்றவன் சொன்னதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பான். பிள்ளைகள்மேல் குற்றமில்லை. பள்ளிக்கூடத்தில் நாம் சொல்லிக்கொடுத்த வித்தை அது.

பழமொழிக்கு வருவோம். மாறுகண்ணோ, இரண்டு கண்ணின் பவரில் பெரிய வித்தியாசமோ இருந்தால் மூளை ஒரு கண்ணைக் கைவிட்டுவிடும். சோம்பல் கண் என்போம். ஏழெட்டு வயதுக்குள் பிடித்துவிட்டால் கண்ணாடி கொடுத்து, நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடிவைத்தே பெரும்பாலும் மீட்டுவிடலாம். வயது ஏற ஏற மீட்பது கடினம். ஆனால் பார்வையிழப்புத் தடுப்புத் தேசியத் திட்டம் பள்ளியில் முன்னுரிமை கொடுத்தது பத்து வயது தாண்டிய பிள்ளைகளுக்கு. 2009-ல் வந்த நம் மாநில அரசின் 'கண்ணொளி காப்போம்' திட்டமும் ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்கியது. 2013-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை தொடக்கப்பள்ளிக்கும் போகிறது. 30 வகைக் குறைகளை ஒரே வருகையில் தேடும் அந்தக் குழுவுக்கு ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் சோம்பல் கண் தட்டுப்பட்டால் அது குழந்தையின் ஜாதக பலன். கண்ணுக்கென்று நாங்கள் பலகையோடு போய்ச் சேரும்போது அவள் ஆறாம் வகுப்பு. கண் போயிருக்கும். நமஸ்காரத்துக்கு மட்டும் நேரம் இருக்கும்.

குறை தெரிந்த பிள்ளைக்கு என்ன செய்கிறோம்? சீட்டு எழுதித் தருகிறோம். சின்னப் பிள்ளையின் சரியான பவரைக் கண்டுபிடிக்கக் கண்ணில் மருந்து விட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு மருத்துவமனைக்கு வர வேண்டும். கூட்டிவர வேண்டிய அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. சீட்டு புத்தகப் பைக்குள்ளேயே மக்கும். அறிக்கையிலோ அந்தப் பிள்ளை 'மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை' என்ற கட்டத்தில் சாதனையாக ஏறிவிடுவாள்.

கண்ணாடி கிடைத்த பிள்ளையின் கதை இன்னும் அழகு. 12-ஆவது ஐந்தாண்டுத் திட்டத்தில் ஒரு பள்ளிப் பிள்ளையின் கண்ணாடிக்கு ஒதுக்கியது 275 ரூபாய். மேடையில் பரிமாறும் ஒரு நினைவுப் பரிசு அதைவிட விலை கூடியது. ஃப்ரேம் மூக்கில் நிற்காது. நின்றாலும் வகுப்பில் 'சோடாபுட்டி' என்ற பட்டம். பெண் பிள்ளை என்றால் வீட்டிலேயே கழற்றிவிடுவார்கள்: "கண்ணாடி போட்டா நாளைக்கு எவன் கட்டுவான் மேடம்?" பவர் மாறினால் அடுத்த கண்ணாடி எப்போது என்று கேட்க ஆளில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கரும்பலகையை ஊகித்துக்கொண்டிருப்பவளுக்கு 'மக்கு' என்று பெயர் வைக்க மட்டும் ஆள் இருக்கிறது.

ஊரில் ஆற்றல் இல்லையா? 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையிடம் பாடம் கேட்க உலகம் வருகிறது. 1978-ல் சென்னையில் சங்கர நேத்ராலயா பிறந்தது. பணம் இல்லையா? லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்கப் பெரிய கம்பெனிகளை 2013 கம்பெனிகள் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. அந்தப் பணத்துக்குப் படம் வேண்டும். குழந்தைக்குக் கண்ணாடி மாட்டுவது நல்ல படம். ஆறு மாதம் கழித்து உடைந்த காதுக்கம்பியை மாற்றிக் கொடுப்பதை யார் படமெடுப்பார்கள்? படம் வராத வேலைக்கு ஆள் யார்? கல்வித் துறையின் எமிஸ் இணையப் பதிவில் பாதி நாளைத் தொலைக்கும் ஆசிரியரிடமே, பயிற்சி என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு, ஆறு மீட்டர் கயிற்றையும் ஓர் அட்டையையும் கொடுத்து, மிச்சப் பொறுப்பையும் தலையில் கட்டுகிறோம்.

ஆகவே புரவலர்களே, பேனரை இன்னும் பத்தடி பெரிதாகவே வையுங்கள். எனக்குப் போர்த்துகிற சால்வையையும் போர்த்துங்கள். அறிக்கையில் மட்டும் ஒரே ஒரு கட்டம் கூட்டிப் போடுங்கள்: ஆறு மாதம் கழித்து, எத்தனை பிள்ளைகளின் மூக்கில் கண்ணாடி இருக்கிறது? அந்த எண்ணைக் காட்டினால்தான் அடுத்த முகாமுக்குப் பணம் என்று விதி வையுங்கள். அப்படி ஒரு விதி வந்தால் முகாம்களில் பாதி மறுநாளே காணாமல் போகும். போகட்டும். மிச்சமிருக்கும் பாதியிலாவது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையை முதலில் உட்கார வையுங்கள்.